நார்த் கரோலைனாவுல சாமி இல்லன்னு சொல்றவங்க நோட்டரி ஆக முடியாதா? கான்ஸ்டிட்யூஷன்லயே போட்டிருக்கே!

கேரி_மீனா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கங்க.

நான் ராலே பக்கத்துல கேரில இருக்கேன், பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு சின்ன டாக்ஸ் ஆபீஸ்ல வேலை, மொத்தமே அஞ்சு பேர். பவர் ஆஃப் அட்டர்னி, அஃபிடவிட்னு தினம் ஒருத்தராவது நோட்டரி கையெழுத்து கேட்டு வருவாங்க, நாங்க பக்கத்துல இருக்கிற பேங்குக்கு அனுப்புவோம், அங்க எங்க கஸ்டமருக்கு மட்டும்தான்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அவங்க மறுபடி எங்ககிட்டயே வந்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. கடைசில எங்க முதலாளி "மீனா நீயே நோட்டரி ஆயிடேன், ஃபீஸ் நான் கட்டுறேன்"னார். சரின்னுட்டேன். கம்யூனிட்டி காலேஜ்ல 6 மணி நேர கிளாஸ், ஒரு பரீட்சை, அவ்வளவுதான்னாங்க.

என் பொண்ணு 8வது படிக்கிறா. ஸ்கூல்ல இப்ப இந்த ஸ்டேட்டோட வரலாறு ஓடுது. நேத்து ராத்திரி நான் சப்பாத்திக்கு மாவு பிசைஞ்சிட்டு இருக்கேன், லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து "அம்மா நீ நோட்டரி ஆக முடியாது"ங்கிறா. என்னடின்னு பாத்தா நார்த் கரோலைனா கான்ஸ்டிட்யூஷன், ஆர்ட்டிகிள் 6, செக்‌ஷன் 8. யார் யாரெல்லாம் பதவிக்கு வரக்கூடாதுன்னு ஒரு பட்டியல். முதல் ஆள், எல்லாம் வல்ல இறைவன் இருக்கிறதை மறுக்கிறவன். ரெண்டாவது, தேர்தல்ல ஜெயிச்சு வர்ற பதவின்னா அதுக்கு ஓட்டுப் போடவே தகுதி இல்லாதவன். மூணாவதுதான் தேசத்துரோகம், பெரிய கிரிமினல் குத்தம், பதவியில ஊழல் எல்லாம். மாவுக் கையோட நின்னு ரெண்டு தடவை படிச்சேன். தேசத்துரோகிக்கே மூணாவது இடம்தாங்க, எனக்கு முதல் இடம்!

எங்கப்பா திருச்சில கருப்புச் சட்டைக்காரர். என் கல்யாணம் ஐயர் இல்லாம தாலி இல்லாம நடந்தது. அதுக்காக நான் இங்க யார்கிட்டயும் போய் வாதம் பண்றதில்ல, கோயில்ல பொங்கல் விழான்னா போவேன், வரிசையில நின்னு புளியோதரை வாங்கி நல்லா சாப்பிடுவேன். ஆனா நேருக்கு நேரா கேட்டா பொய் சொல்ல வராது.

இது இப்பவும் செல்லுமா? நோட்டரிங்கிறது பதவி கணக்குல வருமா? சத்தியப் பிரமாணத்துல கடவுள் பேரைச் சொல்லித்தான் ஆகணுமா? மதச் சுதந்திரம் மதச் சுதந்திரம்னு இவ்ளோ பேசற நாட்டுல இது எப்படி இன்னும் எழுத்துல இருக்கு? அவ வேற "அப்ப நீ பொய் சொல்லப் போறியா"ன்னு கேட்டுட்டுப் போய் படுத்துட்டா, எனக்குத்தான் தூக்கம் வரல.


ஷார்லட்_பாபு:

அக்கா செல்லாது. நிம்மதியா தூங்குங்க.

நான் இதே ஸ்டேட்ல நோட்டரிதான். அப்ளிகேஷன்ல சாமி பத்தி ஒரு கேள்வி கிடையாது. கமிஷன் (காசு இல்ல, நோட்டரியா நியமிச்ச உத்தரவு) வந்ததும் உங்க கவுன்டி ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ் ஆபீசுக்கு, அதாவது பத்திரப் பதிவு ஆபீசுக்கு, 45 நாளுக்குள்ள போய் உறுதிமொழி எடுக்கணும், அந்த 45 நாளை மட்டும் கோட்டை விட்றாதீங்க. அங்க "ஸ்வேர்"னு (சத்தியம் பண்றேன்) சொல்லலாம் இல்ல "அஃபர்ம்"னு (உறுதி கூறுறேன்) சொல்லலாம், அஃபர்ம்னா கடைசில வர்ற "ஸோ ஹெல்ப் மீ காட்" விட்ருவாங்க. நான் அஃபர்ம்னு சொன்னேன். அங்க இருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தல, வேற ஒரு பேப்பரை எடுத்து நீட்டிட்டு "ரைட் ஹேண்ட் ப்ளீஸ்"னாங்க. ஒரு நிமிஷ வேலை. பார்க்கிங் தேடினதுதான் இருபத்தஞ்சு நிமிஷம்.


பழைய_பேப்பர்:

பாபு சொன்னது சரி, ஆனா ஏன் செல்லாதுங்கிறதுதான் சுவாரசியம். மீனா, உங்க கதை இருக்கே, அது அப்படியே அறுபது வருஷம் முன்னாடி மேரிலாண்ட்ல நடந்தது, அதுவும் இதே நோட்டரி வேலைக்கு!

ராய் டொர்காசோன்னு ஒரு மனுஷன். ஒரு கட்டுமான கம்பெனியில கணக்கு எழுதுறவர். அவரையும் ஆபீசுக்காகத்தான் நோட்டரி ஆகச் சொன்னாங்க. கவர்னர் நியமிச்சு உத்தரவும் வந்தாச்சு. கோர்ட் கிளார்க் ஆபீசுக்கு கமிஷனை வாங்கப் போறார், அங்க கடவுள் இருக்கார்னு நம்பறதா ஒரு உறுதிமொழியில கையெழுத்துப் போடுன்னாங்க. மாட்டேன்னார். அப்ப கமிஷன் கிடையாதுன்னுட்டாங்க. மேரிலாண்ட் உரிமைப் பிரகடனம் 37வது பிரிவைப் படிச்சா சிரிப்பு வரும், எந்தப் பதவிக்கும் மதச் சோதனை எதுவும் கூடாது, கடவுள் இருக்கார்னு நம்பறதா சொல்றதைத் தவிரன்னு இருக்கு. எங்க வீட்ல சாதி எல்லாம் பாக்க மாட்டோம், ஆனா பொண்ணு மட்டும் நம்மவங்கள்லன்னு சொல்ற மாதிரி.

மனுஷன் கேஸ் போட்டார். மேரிலாண்ட் மேல்கோர்ட் என்ன சொல்லிச்சு தெரியுமா, உன்னை யாரும் நோட்டரி ஆகச் சொல்லிக் கட்டாயப்படுத்தலையே, வேலை வேணாம்னா வீட்ல இரு, இதுல உன் நம்பிக்கைக்கு என்ன பங்கம்னு. 1961 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் இந்த வாதத்தைத் தூக்கிப் போட்டுது. ஒருத்தர்கூட எதிர்க்கல. தீர்ப்பு எழுதினது ஜஸ்டிஸ் ஹியூகோ பிளாக், அவரே அலபாமாக்காரர், பாப்டிஸ்ட் குடும்பம். பதவி வேணாம்னு இருக்க ஒருத்தனுக்கு உரிமை இருக்குங்கிறதுக்காக, அரசியல் சாசனமே தடுக்கிற ஒரு அளவுகோலை வச்சு அவனைப் பதவியிலேர்ந்து தள்ள முடியாது, கடவுளை நம்பறேன்னு சொல்லுன்னு மத்திய அரசும் கட்டாயப்படுத்த முடியாது, மாநில அரசும் முடியாதுன்னார். மதச் சுதந்திரம் தர்ற ஃபர்ஸ்ட் அமெண்ட்மெண்ட், அது ஃபோர்டீந்த் அமெண்ட்மெண்ட் வழியா மாநிலங்களுக்கும் பொருந்தும், அதுதான் கணக்கு.

ஆக 1961லயே கதை முடிஞ்சுது. ஆனா எழுத்து போகல. மேரிலாண்ட், டெக்சாஸ், டென்னசி, ஆர்கன்சா, மிசிசிப்பி, நார்த் கரோலைனா, சவுத் கரோலைனா, ஏழு மாநிலத்துல இன்னும் அச்சுல இருக்கு. ஆர்கன்சால இன்னும் ஒரு படி மேல, கடவுளை மறுக்கிறவன் கோர்ட்ல சாட்சிகூட சொல்லக் கூடாதுன்னு. அது சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்ல, 1928ல லிட்டில் ராக்ல சார்ல்ஸ் லீ ஸ்மித்னு ஒரு நாத்திகர், பரிணாமம் நிஜம்னு கடைவாசல்ல போர்டு எழுதி வச்சதுக்கு அவர் மேல கேஸ். தன் கேஸ்ல தானே சாட்சி சொல்ல விடல, ஏன்னா சத்தியம் பண்ண மாட்டேங்கிறார்! வாயையும் கட்டிட்டு அடிக்கிற கதை.


சிவசக்தி_தாசன்:

நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், யாரும் சண்டைக்கு வராதீங்க.

அந்தக் காலத்துல இப்படி எழுதினவங்க எல்லாம் முட்டாளா? பதவின்னா நாலு பேரோட பணம், நாலு பேரோட நியாயம் கையில இருக்கு. மேல ஒருத்தன் பாத்துட்டு இருக்கான்னு பயம் இருக்கிறவன் தப்பு பண்ண ஒரு நிமிஷம் யோசிப்பான். அந்தப் பயமே இல்லாதவனை எதை வச்சு நம்பறது? மீனா அம்மா நல்லவங்களா இருக்கலாம், இல்லேங்கல. ஆனா சட்டம் ஒவ்வொருத்தரையா பாத்து எழுத முடியாதே. நம்ம ஊர்லயே வாய்ப்பேச்சு எடுபடாதப்ப என்ன சொல்வோம், கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணுன்னுதானே.


பழைய_பேப்பர்:

சண்டை இல்ல சார், நீங்க சொன்னதேதான் அவங்களும் சொன்னாங்க. 1689ல ஜான் லாக்னு இங்கிலாந்துத் தத்துவ அறிஞர், மதச் சகிப்புத்தன்மை பத்தி எழுதின அதே கடிதத்துல, கடவுள் இல்லேங்கிறவனை மட்டும் சகிச்சுக்க முடியாது, வாக்குறுதி, ஒப்பந்தம், சத்தியம் எதுவும் அவனைக் கட்டுப்படுத்தாதுன்னு எழுதிட்டார். டென்னசியில கடவுளை நம்பினா மட்டும் போதாது, செத்தப்புறம் பலனும் தண்டனையும் உண்டுன்னும் நம்பணும்னு எழுதினது இதுக்குத்தான். கோர்ட்டு, பதிவேடு, போலீஸ் எல்லாம் இன்னிக்கு மாதிரி இல்லாத காலம், ஒருத்தன் சொல்றதுக்குப் பிடிமானம் அவன் சத்தியம்தான். அந்தக் காலத்து ஜாமீன்னு வச்சுக்கங்களேன்.

ஆனா கற்பூர உதாரணத்துலயே உங்களுக்குப் பதில் இருக்கு. ஊர்ப் பஞ்சாயத்துல கற்பூரத்தை அணைச்சுட்டுப் பொய் சொல்லிட்டு மறுநாள் காலையில அதே டீக்கடையில உக்காந்து பேப்பர் படிச்ச ஆளை நான் பாத்திருக்கேன், அந்த நிலம் இன்னிக்கும் அவன் பசங்க கையிலதான் இருக்கு. டொர்காசோ நினைச்சிருந்தா அந்த பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு கமிஷனை வாங்கிட்டுப் போயிருக்கலாம், யாருக்குத் தெரியப் போவுது? திருடனுக்கு இந்த வேலி ஒரு வேலியே இல்ல, தாண்டிப் போயிட்டே இருப்பான். மாட்டறது யாருன்னா, பொய் சொல்ல மாட்டேன்னு நிக்கிறவன் மட்டும்தான். மனசறிஞ்சு பொய் சொல்லாதவனைத் தேடிப் பிடிச்சு வெளிய அனுப்பற சட்டம் சார் இது.

இன்னொண்ணு. உங்க சாமியும் அந்தச் சட்டத்துல ஆரம்பத்துல இல்ல. நார்த் கரோலைனாவோட 1776 சாசனத்துல கடவுளை மறுக்கிறவன் மட்டும் இல்ல, புராட்டஸ்டண்ட் மதத்தோட உண்மையை மறுக்கிறவனும் பதவிக்கு வரக்கூடாதுன்னு இருந்துச்சு. கத்தோலிக்கர் வெளிய, யூதர் வெளிய, நம்மாளுங்க கணக்குலயே இல்ல. 1809ல ஜேக்கப் ஹென்றின்னு ஒரு யூதர் சட்டசபைக்கு ரெண்டாவது தடவை ஜெயிச்சு வர, நீ எப்படி உக்காரலாம்னு ஒருத்தர் எழுந்து கேட்டார், அவர் எழுந்து ஒரு பேச்சு பேசி சீட்டைக் காப்பாத்திக்கிட்டார், ஆனா சட்டத்தை மாத்தல. 1835லதான் புராட்டஸ்டண்ட்ங்கிறதை எடுத்துட்டு கிறிஸ்டியன்னு போட்டாங்க, 1868ல அதையும் எடுத்துட்டு எல்லாம் வல்ல இறைவன்னு போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் கதவைக் கொஞ்சம் அகலமாத் திறந்து ஒரு கூட்டத்தை உள்ள விட்டுட்டு மறுபடி சாத்தறது. நாம உள்ள வந்து 150 வருஷம்தான் ஆச்சு, வெளிய நிக்கிறவங்களைப் பாத்து நாமளே கதவைப் பிடிச்சுக்கணுமா?


சிவசக்தி_தாசன்:

இது எனக்குத் தெரியாது. யூதர் விஷயம் படிக்கிறேன். ஆனா பயம் பத்தி நான் சொன்னதை நான் மாத்திக்கல 🙂


நாஷ்வில்_ராஜா:

டென்னசி பேர் வந்ததால உள்ள வர்றேன். எங்க ஸ்டேட் சாசனத்துல ஆர்ட்டிகிள் 9ஐ எடுத்துப் பாருங்க, ஒரு நாடகம் போடலாம். செக்‌ஷன் 1, பாதிரியார்கள் சட்டசபைக்கு வரக்கூடாது, அவங்க வேலை ஆன்மாக்களைக் கவனிக்கிறதாம். செக்‌ஷன் 2, நாத்திகன் வரக்கூடாது. செக்‌ஷன் 3, டூயல் போட்டவன் வரக்கூடாது, அதாவது மானப் பிரச்சனைன்னு துப்பாக்கிய எடுத்துட்டு ஒத்தைக்கு ஒத்தை வாடான்னு நின்னவன். ரொம்ப சாமி பாத்தவன், சாமியே இல்லேன்னவன், சாமிகிட்ட ஆளை அனுப்பறவன், மூணு பேரையும் ஒரே பக்கத்துல நிக்க வச்சிருக்காங்க.

இதுல பாதிரியார் விஷயம் 1978லயே செத்துப்போச்சு. சட்டனூகால ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார் தேர்தல்ல நிக்கப் போக அதை எதிர்த்து கேஸ் ஆகி, சுப்ரீம் கோர்ட் மெக்டேனியல் வழக்குல அந்தத் தடை செல்லாதுன்னுடுச்சு. நாத்திகர் தடை அதுக்கும் முன்னாடி 1961லயே செத்தது. ரெண்டுமே பிணம்தான். இப்ப கேளுங்க, 2022 நவம்பர்ல எங்களுக்கு ஓட்டுச் சீட்டுல ஒரு கேள்வி வந்துச்சு, அந்த செக்‌ஷன் 1ஐ எடுத்துடலாமான்னு. எடுத்துட்டாங்க, ஜனங்க நல்லாவே ஓட்டுப் போட்டாங்க. அதுக்கு அடுத்த வரியிலயே கிடக்கிற செக்‌ஷன் 2 இருக்கே, அதை யாரும் தொடல. பூத்துல அந்தச் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு திருப்பித் திருப்பிப் பாத்தேன், அடுத்த பக்கத்துல இருக்கும்னு. இல்ல. ஒரே வீட்ல ரெண்டு பிணம், ஒண்ணுக்கு மட்டும் பாடை கட்டிட்டுப் போயிட்டாங்க.


லண்டன்_கிளி:

நான் லண்டனில இருக்கிறன். உங்கட கதையைப் பாக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது சார்ல்ஸ் பிராட்லா எண்ட மனுசன். இங்க இது அமெரிக்காவுக்கு முதலே நடந்து முடிஞ்ச கூத்து.

1880இல நார்தாம்ப்டனில இருந்து எம்பியாத் தெரிவாகி வந்தவர். கடவுள் இல்லை எண்டு மேடை மேடையாக் கதைச்ச ஆள், ஊருக்கே தெரியும். பாராளுமன்றத்தில வந்து, நான் சத்தியம் செய்யேல்ல, உறுதிமொழி சொல்லுறன் எண்டு கேட்டார். ஏலாது எண்டிட்டினம். சரி அப்ப உங்கட சத்தியத்தையே செய்யிறன் எண்டார். அதுக்கும் ஏலாதாம், நீ நம்பாத ஆள், உன்ர வாயில அந்தச் சத்தியம் பொய்யாப் போயிடும் எண்டு! முன்னுக்குப் போனா முட்டுது பின்னுக்குப் போனா உதைக்குது எண்டு சொல்லுறது இதைத்தான். போக மாட்டன் எண்டு நிண்டவரை பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரத்தில ஒரு இரவு அடைச்சு வைச்சவை. அடுத்த வருசம் உள்ளுக்க போகப் பாத்தவரைப் பொலிஸ் பிடிச்சு வெளியில இழுத்துப் போட்டது. 1882இல தானே பைபிளைக் கொண்டுவந்து, யாரும் கேக்காமலே சபை நடுவில நிண்டு தனக்குத் தானே சத்தியத்தை வாசிச்சு முடிச்சிட்டார், அதுக்கும் வெளியேத்தம். ஒவ்வொரு முறையும் நார்தாம்ப்டன் சனம் திரும்பத் திரும்ப அவரையே தெரிவு செய்து அனுப்பினது, 1881, 1882, 1884 எண்டு இடைத்தேர்தல் மட்டும் மூண்டு. சப்பாத்துத் தைக்கிற ஊர் அது, அந்தச் சனத்தின்ர பிடிவாதத்தை நினைச்சா எனக்கு இவரை விட அவையளில தான் மரியாதை.

கடைசியில 1886இல புதுச் சபாநாயகர் ஒருத்தரையும் எதிர்க்க விடாமல் சத்தியம் செய்ய விட்டார். 1888இல சத்தியத்துக்குப் பதிலா உறுதிமொழி சொல்லலாம் எண்டு சட்டமே கொண்டுவந்தவர் இந்த பிராட்லாதான். 1891 தை மாதம் அவர் சாகக் கிடக்கேக்க, அவரைத் தடுத்த அந்தப் பழைய தீர்மானத்தைச் சபைக் குறிப்பில இருந்து அழிச்சவை. அந்த நேரம் அவருக்கு நினைவில்லை. அழிச்ச விசயம் தெரியாமலே போயிட்டார்.

இந்தியாவுக்காகப் பாராளுமன்றத்தில கன கேள்வி கேட்டவர் எண்டு அவரை இந்தியாவுக்கான மெம்பர் எண்டும் சொல்லுவினம். செத்த வீட்டுக்கு, அப்ப லண்டனில சட்டம் படிச்சுக்கொண்டிருந்த காந்தியும் போனவர்.


தேரடி_குமார்:

பிராட்லா பேரைப் பாத்ததும் சந்தோஷம் லண்டன் கிளி. இது நம்ம பக்கமும் வந்த கதை. 1880கள்ல மெட்ராஸ்ல இலௌகிக சங்கம்னு ஒண்ணு இருந்துச்சு, லண்டன்ல பிராட்லா நடத்தின செக்யூலர் சொசைட்டியைப் பாத்து இங்க ஆரம்பிச்சது. தமிழ்ல 'தத்துவ விவேசினி'ன்னு பத்திரிகையே நடத்தினாங்க, 1882லேர்ந்து 1888 வரைக்கும். பெரியார்லேர்ந்துதான் எல்லாம் ஆரம்பம்னு நினைக்கிறவங்க அந்தத் தொகுப்பைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க, 1882ல பெரியாருக்கு மூணு வயசு.

மீனா மேடம் ஊர்ல நோட்டரிக்கே இவ்ளோ யோசனை. இங்க 2021 மே 7ந் தேதி ஸ்டாலின் "உளமார உறுதி கூறுகிறேன்"னு சொல்லி முதலமைச்சர் ஆனார், டிவியில பாத்த யாரும் அதை ஒரு விஷயமாவே எடுத்துக்கல. நம்ம சாசனத்துல மூணாவது அட்டவணையிலயே கடவுள் பேரால இல்லேன்னா உளமாரன்னு ரெண்டு வழியும் எழுதி வச்சிருக்கு, எது வேணுமோ எடுத்துக்கோ. (அதுக்காக நம்ம ஊர்ல எல்லாம் ஒழுங்குன்னு சொல்ல வரல, அது வேற பஞ்சாயத்து.)


டப்ளின்_விஜி:

பழசு பழசுன்னு பேசறீங்க, இங்க அயர்லாந்துல இன்னிக்கும் உயிரோட இருக்கு. ஜனாதிபதி ஆகணும்னாலும் சரி, நீதிபதி ஆகணும்னாலும் சரி, எல்லாம் வல்ல இறைவன் சன்னிதியில வாக்குக் குடுக்கிறேன்னு சொல்லித்தான் ஆகணும், மாத்து வாசகமே சாசனத்துல கிடையாது. நாத்திகன் வரக்கூடாதுன்னு எங்கயும் எழுதல, அந்த வாசகத்தைச் சொல்லாம நாற்காலியில உக்கார முடியாது, அவ்ளோதான். ரோஷின் ஷார்டால்னு ஒரு எம்பியும் இன்னும் சில பேரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 2021ல அவங்க மனுவை எடுத்துக்கவே இல்ல, உங்களுக்கு நேரடியா பாதிப்பு வரும்னு நீங்க காட்டலன்னு. இத்தனைக்கும் இதே நீதிமன்றம் 1999ல சான் மரினோ எம்பிங்க பைபிள் மேல சத்தியம் பண்ணணும்னு சொன்னதைத் தப்புன்னு சொன்னதுதான்.

அமெரிக்காவுல தடை எழுத்துல இருக்கு, நடைமுறையில இல்ல. இங்க தடைன்னு எழுத்துல இல்ல, நடைமுறையில இருக்கு. எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க.


கேரி_மீனா:

அம்மாடி, இவ்ளோ பதிலா! எல்லாருக்கும் நன்றி. பாபு தம்பி சொன்னதுல பாதி பாரம் இறங்கிடுச்சு. ராஜா அண்ணா எழுதினதை என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், பாடை கட்டற இடத்துல காபி புரை ஏறிடுச்சு.

ஆனா ஒண்ணு கேக்கணும். 1961ல முடிஞ்சு போச்சுன்னா எங்க ஸ்டேட்ல ஏன் இன்னும் எடுக்கல? என் பொண்ணு பாத்துட்டு வந்து சொல்றா, இப்ப இருக்கிற சாசனமே 1971ல நடைமுறைக்கு வந்ததாமே. தீர்ப்பு வந்து பத்து வருஷம் கழிச்சு புதுசா எழுதும்போது, தெரிஞ்சேவா மறுபடி எழுதினாங்க?


பழைய_பேப்பர்:

உங்க பொண்ணு பெரிய ஆளா வருவா.

ஆமாம், தெரிஞ்சேதான். அதே ஆர்ட்டிகிள் 6ல நாலு செக்‌ஷன் மேல போங்க, செக்‌ஷன் 4, ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கணும்னா இங்கிலீஷ்ல எழுதப் படிக்கத் தெரியணும்னு இருக்கும். கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாம தடுக்கறதுக்காக வச்ச பரீட்சை அது, 1965 ஓட்டுரிமைச் சட்டம் வந்ததும் செத்துப்போச்சு. 1970ல அதை எடுக்கலாமான்னு ஜனங்ககிட்ட ஓட்டுக்கு விட்டாங்க, வேணாம்னுட்டாங்க! அப்ப எடுக்க முடியாததுதான் இன்னிக்கும் அச்சுல கிடக்குது. அதையே எடுக்க மனசு வராத ஊர்ல நாத்திகனுக்காக யார் கை தூக்குவா?

வழிமுறை என்னன்னா, ரெண்டு சபையிலயும் அஞ்சுல மூணு பங்கு ஓட்டு வேணும், அப்புறம் ஜனங்க ஓட்டு. இப்ப ஒரு எம்எல்ஏ எழுந்து இதை எடுக்கலாம்னு மசோதா கொண்டு வர்றார்னு வைங்க, அடுத்த தேர்தல்ல எதிர்க்கட்சிக்காரன் அடிக்கிற நோட்டீஸ் என்னவா இருக்கும்? "சாசனத்திலேர்ந்து கடவுளை எடுக்கச் சொன்னவர்". லாபம் பைசா கிடையாது, நஷ்டம் நிச்சயம். கோர்ட்தான் செல்லாதுன்னுடுச்சே, கிடந்துட்டுப் போகுதுன்னு விட்ருவாங்க. அலபாமாவுல வேற வேற இனத்துக்காரங்க கல்யாணம் பண்ணக் கூடாதுங்கிற பிரிவை 1967லயே கோர்ட் செல்லாதுன்னுடுச்சு, சாசனத்திலேர்ந்து எடுத்தது 2000ல. 33 வருஷம். இனத்துக்கே அவ்ளோன்னா இதுக்கு எவ்ளோன்னு பாத்துக்கங்க.

கருத்துக்கணிப்பு எடுக்கிற கேலப் கம்பெனி ஒரு கேள்வியை ரொம்ப வருஷமா கேட்டுட்டு வருது, உங்க கட்சி ஒரு தகுதியான ஆளை ஜனாதிபதி தேர்தல்ல நிறுத்தி அவர் நாத்திகரா இருந்தா ஓட்டுப் போடுவீங்களான்னு. 1958ல போடுவேன்னது 18 சதவீதம். 2020ல 60. ஏறியிருக்கு, ஆனா அந்த 2020 பட்டியல்லயே கத்தோலிக்கர், யூதர், முஸ்லிம், கே (ஓரினச் சேர்க்கையாளர்) எல்லாரும் இவருக்கு மேல, நாத்திகருக்குக் கீழ நின்னது சோஷலிஸ்ட் ஒருத்தர்தான். அதனால பதவியில இருக்கிறவங்களே வாயைத் திறக்கிறதில்ல. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல இருந்துக்கிட்டே எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லைன்னு ஒருத்தர் வெளிப்படையா சொன்னது 2007லதான், கலிஃபோர்னியா பீட் ஸ்டார்க்.

அப்புறம் செத்த சட்டம் யாரையும் கடிக்காதுன்னும் சொல்ல முடியாது. உங்க ஸ்டேட்லயே 2009ல ஆஷ்வில் சிட்டி கவுன்சிலுக்கு செசில் பாத்வெல்னு ஒருத்தர் ஜெயிச்சார். அஃபர்ம்னு சொல்லிப் பதவி ஏத்தார். உடனே சில பேர் இதே செக்‌ஷன் 8ஐத் தூக்கிட்டு வந்து இவர் உக்காரக் கூடாது, கேஸ் போடுவோம்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஒண்ணும் ஆகல, அவர் பதவியில இருந்தார். ஆனா ஜெயிச்ச மனுஷன் ரோடு, குப்பை, தண்ணின்னு பேச வேண்டிய நேரத்துல சாமி பத்திப் பேட்டி குடுத்துட்டு நிக்க வேண்டியதாப் போச்சு.

பக்கத்து சவுத் கரோலைனாவுல ஹெர்ப் சில்வர்மேன்னு ஒரு கணக்கு வாத்தியார், சார்ல்ஸ்டன் காலேஜ்ல. இந்தச் சட்டத்தை உடைக்கணும்னே 1990ல கவர்னர் தேர்தல்ல நின்னார், தோத்தார். அப்புறம் நோட்டரிக்கு அப்ளிகேஷன் போட்டு அதுல கடவுள் வர்ற வரியைப் பேனாவால அடிச்சுட்டுக் குடுத்தார். தரமாட்டேன்னுட்டாங்க. 1997ல அந்த ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. டொர்காசோ தீர்ப்பு வந்து 36 வருஷம் கழிச்சு, அதே நோட்டரிக்கு, மறுபடி முதல்லேர்ந்து! இதுல இன்னொரு கூத்து, பதவிக்கு மதச் சோதனையே கூடாதுன்னு அமெரிக்க சாசனத்துல ஆறாவது ஆர்ட்டிகிள்ல ஒரு வரி இருக்கே, 1787ல அதைக் கொண்டு வந்தது யார்னு பாத்தா சார்ல்ஸ் பிங்க்னி, சவுத் கரோலைனாக்காரர்.


சிவசக்தி_தாசன்:

மீனா அம்மா, பரீட்சை எப்ப? என்ன இருந்தாலும் நம்ம பொண்ணு, பாஸ் பண்ணணும்னு நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன். நீங்க நம்ப வேணாம், நான் நம்பிக்கிறேன்.


கேரி_மீனா:

தாசன் அண்ணா, உடைங்க, உடைச்ச தேங்காயில ஒரு மூடி எனக்கு அனுப்புங்க, சட்னிக்கு ஆகும் 😄


ஷார்லட்_பாபு:

பாஸ் மார்க் 80 அக்கா. நம்ம ஊர் 35 நினைப்புல போயிடாதீங்க. அந்தப் புத்தகத்துல சர்ட்டிஃபிகேட் வாசகம் வர்ற பகுதியை நல்லாப் படிங்க, எனக்கு அங்கதான் மார்க் போச்சு.


கேரி_மீனா:

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், முடிவு சொல்லாம போனா நல்லா இருக்காதுன்னு.

பரீட்சை 92. (தேங்காய்க்கு எவ்ளோ பங்குன்னு தாசன் அண்ணாதான் சொல்லணும்.) கமிஷன் வந்துச்சு, நேத்து மதியம் லஞ்ச் நேரத்துல போய் உறுதிமொழி எடுத்தேன். ஸ்கூல் லீவுங்கிறதால பொண்ணும் வந்தா. எனக்கு முன்னாடி ரெண்டு பேர், ரெண்டு பேருமே பைபிள் மேல கை வச்சு ஸ்வேர்னு சொன்னாங்க. என் முறை வந்துச்சு. "ஸ்வேர் ஆர் அஃபர்ம்?"னு அந்தம்மாவே கேட்டாங்க. ராத்திரி எல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டுப் போனது, தொண்டை அடைச்சு "அஃபர்ம்"னு சத்தமே வராம சொன்னேன். அவங்களுக்குக் காது கேக்கல. "ஸாரி?"ன்னாங்க. பின்னாடி சேர்ல உக்காந்திருந்த என் பொண்ணு ஹால் பூரா கேக்கிற மாதிரி "ஷீ ஸெட் அஃபர்ம்!"னு கத்தினா.

அந்தம்மா சிரிச்சுட்டே பைபிளை ஓரமாத் தள்ளி வச்சுட்டு, வலது கையைத் தூக்கச் சொன்னாங்க. திங்கக்கிழமை முதல் ஸ்டாம்ப் அடிச்சேன், ஒரு பாட்டியோட காருக்கு டைட்டில் மாத்தற பேப்பர். ஸ்டாம்ப் கொஞ்சம் கோணலா விழுந்துடுச்சு.